சிறிய வழக்கறிஞர் அலுவலகத்திற்கு ஆவண ஒப்பீட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடமிருந்து ஒரு குத்தகை ஒப்பந்த வரைவு திரும்பி வரும்போது, அவர்கள் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் வண்ண எழுத்தில் குறிக்கப்பட்டே வருகின்றன. குறிக்கப்படாமல் மாறியவை எவை என்பதுதான் வரைவைப் பெறுகிறவருக்கு உண்மையான கேள்வி. வேர்டில் மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியை எவரும் எந்த நேரத்திலும் அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்து, மீண்டும் இயக்கிவிட முடியும். இது எப்போதும் கெட்ட எண்ணத்தோடு நடப்பதில்லை. ஒரே கோப்பில் இருவர் வேலை செய்திருப்பார்கள், அவர்களில் ஒருவருடைய கணினியில் அந்த வசதி அணைந்திருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும், லாக்-இன் காலம் (குத்தகையை இடையில் முறிக்க முடியாத காலம்) 36 மாதத்திலிருந்து 24 மாதமாகக் குறைந்திருப்பதைக் கையெழுத்துக்கு முன் கண்டுபிடிக்க வேண்டிய கடமை நம்முடையது. அந்த வேலைக்காகத்தான் ஆவண ஒப்பீட்டு மென்பொருள் இருக்கிறது.

இரண்டு முதல் ஆறு வழக்கறிஞர்களும் ஒன்றிரண்டு குமாஸ்தாக்களும் உள்ள தமிழ்நாட்டு அலுவலகங்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கிரையப் பத்திரம், கிரைய உடன்படிக்கை, வாடகை மற்றும் குத்தகை ஒப்பந்தம், பங்குதாரர் ஒப்பந்தம், பொது அதிகார ஆவணம் ஆகியவை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறி வரும் அலுவலகங்கள் இவை. வெளிநாட்டுப் பெருநிறுவனங்களுக்காக எழுதப்பட்ட ஒப்பீட்டுப் பட்டியல்கள் தமிழ்க் கோப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. நம்முடைய சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தேர்வு முழுவதற்கும் ஓர் அளவுகோலை முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பீட்டு மென்பொருள் இரண்டு வகையில் தவறலாம். மாறாத இடத்தை மாறியதாகக் காட்டுவது ஒரு வகை. அதனால் நேரம் வீணாகும், எரிச்சல் வரும், அவ்வளவுதான். மாறிய இடத்தைக் காட்டாமல் விட்டுவிடுவது இரண்டாவது வகை. அறிக்கை சுத்தமாக இருப்பதை நம்பிக் கட்சிக்காரர் கையெழுத்திட்டுவிடுவார். எனவே அறிக்கை எவ்வளவு அழகாக இருக்கிறது, எத்தனை வண்ணங்களில் இருக்கிறது என்பதைவிட, எதையும் விட்டுவிடாமல் காட்டுகிறதா என்பதையே பார்க்க வேண்டும். விற்பனையாளரின் செயல்விளக்கத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் காட்டும் கோப்புகள் அவர் தேர்ந்தெடுத்தவை.

முதலில் உங்கள் கோப்புகளை எண்ணிப் பாருங்கள்

மென்பொருளின் பெயர்களைத் தேடுவதற்கு முன், கடந்த சில மாதங்களில் அலுவலகத்திற்கு வந்த வரைவுகள் எந்த வடிவத்தில் வந்தன என்று மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் திறந்து பார்க்க வேண்டும். வேர்டு கோப்பாக வந்தவை எத்தனை, கணினியிலிருந்தே உருவான பிடிஎஃப் எத்தனை, ஸ்கேன் செய்த பிடிஎஃப் எத்தனை, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியவை எத்தனை என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கோப்புகளில் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனிக் குறியெண் தரும் பொதுத் தரம்) உள்ளவை எத்தனை, பழைய எழுத்துருவில் உள்ளவை எத்தனை என்பதையும் பிரித்தெழுதுங்கள். அரைப்பக்கத்தில் முடியும் இந்தக் கணக்கு பல அலுவலகங்களுக்குப் பெருஞ்செலவை மிச்சப்படுத்தும். வருவதில் பெரும்பகுதி ஆங்கில வேர்டு கோப்புகள் என்றால், புதிதாக எதையும் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

கையில் இருப்பதை முழுமையாகப் பயன்படுத்துதல்

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘ரிவியூ’ பகுதிக்குள் ‘கம்பேர்’ என்ற வசதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. மாற்றப் பதிவு இயங்கியதா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் எடுத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, மூன்றாவதாக ஒரு கோப்பில் வேறுபாடுகளைக் காட்டுகிறது. அலுவலகத்தில் உரிமத்தோடு வேர்டு இருந்தால் இதற்குத் தனிச் செலவு கிடையாது. ஆனால் இதைச் சரியான அமைப்புகளோடு இயக்க வேண்டும்.

ஒப்பீட்டுப் பெட்டியைத் திறந்ததும் ‘மோர்’ என்ற பொத்தானை அழுத்தினால், எவற்றையெல்லாம் ஒப்பிட வேண்டும் என்ற பட்டியல் விரியும். இடமாற்றம், அட்டவணை, தலைப்பகுதி மற்றும் அடிப்பகுதி, அடிக்குறிப்பு, உரைப்பெட்டி, புலங்கள், பெரிய-சிறிய எழுத்து வேறுபாடு என எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தே வைத்திருக்க வேண்டும். வடிவமைப்பு மாற்றங்களை மட்டும் முதல் சுற்றில் நீக்கிவைக்கலாம். எழுத்தின் அளவும் தடிமனும் மாறியவை பக்கத்தை நிறைத்துவிட்டால் சொல் மாற்றம் கண்ணில் படாது. மாற்றங்களை எழுத்து அளவில் காட்டுவதா, சொல் அளவில் காட்டுவதா என்ற தேர்வில் சொல் அளவையே வையுங்கள். தமிழில் எழுத்து அளவைத் தேர்ந்தால் மெய்யெழுத்திலிருந்து துணைக்கால் தனியே பிரிந்து, புள்ளி வட்டத்தோடு அநாதையாக நின்று, படிக்கவே முடியாத அறிக்கை கிடைக்கும். வேறுபாடுகள் எந்தக் கோப்பில் காட்டப்பட வேண்டும் என்ற இடத்தில் எப்போதும் புதிய ஆவணம் என்பதையே தேர்ந்தெடுங்கள். மூலக் கோப்புகள் இரண்டும் தொடப்படாமல் இருக்கும்.

வேர்டின் ஒப்பீட்டுக்குச் சில எல்லைகளும் உண்டு. ஒப்பிடும் கோப்புகளில் ஏற்கப்படாத மாற்றங்கள் நிலுவையில் இருந்தால், அவற்றை ஏற்றுக்கொண்டதாகவே கருதி ஒப்பிடும். அதற்கு முன் ஓர் அறிவிப்பைக் காட்டும், பலரும் அதைப் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார்கள். தானியங்கி வரிசையெண் உள்ள ஒப்பந்தத்தில் நடுவில் ஒரு பிரிவு நுழைக்கப்பட்டால், அதற்குக் கீழே உள்ள எண்கள் தாமாகவே மாறிவிடும், அந்த எண் மாற்றம் உரை மாற்றமாகக் காட்டப்படாது. இப்போது “பிரிவு 7.2-இல் கண்டபடி” என்று கையால் தட்டச்சு செய்த வரி வேறொரு பிரிவைச் சுட்டிக்கொண்டிருக்கும், அதை ஒப்பீட்டு அறிக்கை பிழை என்று சொல்லாது, வழக்கறிஞரின் கண்தான் பிடிக்க வேண்டும். ஆவணத்துக்குள் படமாக ஒட்டப்பட்ட மனை வரைபடத்தில் எந்த அளவு மாறியது என்பதையும் வேர்டால் படித்துச் சொல்ல முடியாது. திருத்தத் தடை போட்டுப் பூட்டிய கோப்பை நேரடியாக ஒப்பிடவும் முடியாது.

உரிமக் கட்டணம் இல்லாமல் வேண்டும் என்றால் லிப்ரெ ஆஃபிஸில் ஆவணத்தை ஒப்பிடும் வசதி இருக்கிறது. கூகுள் டாக்ஸிலும் 2019 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. எளிய கடிதங்களுக்கும் சிறிய உடன்படிக்கைகளுக்கும் இரண்டும் போதும். அட்டவணைகள் நிறைந்த நீண்ட ஒப்பந்தங்களில் இவற்றை நம்புவதற்கு முன், கீழே சொல்லப்போகும் சோதனையைச் செய்துபாருங்கள்.

தமிழ்க் கோப்புகள்

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஆனாலும் பத்திர எழுத்தர்களிடமும் தட்டச்சு மையங்களிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த மாதிரிப் பத்திரங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த கிரையப் பத்திரத்தைத் திறந்து, பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றிப் புதிய பத்திரம் ஆக்குவது பரவலான வழக்கம். இந்தக் கோப்புகளில் கணினி காண்பது தமிழ் எழுத்துகளே அல்ல; ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் தமிழ் உருவம் அணிந்து நிற்கின்றன.

பாமினியில் ஆங்கிலச் சிறிய ‘எஃப்’ தட்டினால் ‘க’ வரும், பெரிய ‘எஃப்’ தட்டினால் ‘கு’ வரும். சிறிய ‘ஜி’ தட்டினால் ‘ப’, பெரிய ‘ஜி’ தட்டினால் ‘பு’. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. இப்போது ஒப்பீட்டு மென்பொருளில் ‘பெரிய-சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கோப்பில் ‘க’ என்பது ‘கு’ ஆக மாறியதை அது காட்டாமல் விட்டுவிடும். ‘நிறுத்தக் குறிகளைப் பொருட்படுத்தாதே’ என்ற அமைப்பு இயங்கினால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஆங்கில ஒப்பந்தத்தில் தேவையற்ற சலசலப்பைக் குறைக்கும் அதே அமைப்புகள், பழைய எழுத்துருத் தமிழில் உண்மையான மாற்றங்களையே மறைக்கின்றன. விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த அமைப்புகளைக் கோப்புக்குக் கோப்பு தனியே அணைத்துவைக்க முடியுமா என்பதுதான்.

ஒரு கோப்பு பாமினியிலும் மற்றொன்று யூனிகோடிலும் இருந்தால் ஒப்பீடே நடக்காது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எல்லாம் மாறியதாகவே வரும். இரண்டையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒப்பிட வேண்டும். மாற்றும்போது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சர்வே எண்ணின் உட்பிரிவு எழுத்தும், பான் எண்ணும் தமிழாகிச் சிதைந்துவிடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 112/3ஏ என்ற உட்பிரிவின் ‘ஏ’ ஆங்கில எழுத்தாக இருந்து, எழுத்துருவை மாற்றும் மென்பொருளின் கையில் வேறொரு தமிழ் எழுத்தாகிவிட்டால், பத்திரம் பதிவான பிறகு பிழைதிருத்தல் பத்திரம் எழுதி இரு தரப்பையும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைக்க வேண்டிவரும்.

யூனிகோடுக்கு வந்துவிட்டாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே எழுதியும் அதே உருவத்தைக் கொண்டுவரலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்ட பிறகே ஒப்பிடும். அதைச் செய்யாத மென்பொருள் ‘கொடுத்து’ என்ற சொல் வரும் இடமெல்லாம் சிவப்புக் கோடு போடும். ‘சௌ’ என்ற எழுத்திலும் இதே போன்ற குழப்பம் உண்டு. சிலர் ஔகாரக் குறியை இட்டுத் தட்டுகிறார்கள், சிலர் ஒற்றைக் கொம்போடு ‘ள’ சேர்த்துத் தட்டுகிறார்கள். இவை இரண்டும் யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு எழுத்துகளே. ஆகவே சௌந்தரராஜன் என்ற பெயர் மாறியதாக வரும் அறிக்கை இங்கே தவறு அல்ல. ‘ஸ்ரீ’ என்பதையும் இருவேறு குறியெண் வரிசைகளில் எழுத முடியும். அறிக்கையில் இப்படி ஒன்று வந்தால், ‘ஒன்றுபோலத்தானே இருக்கிறது’ என்று கடந்துபோகாமல், பத்திரம் முழுவதும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னாளில் யாராவது அந்தப் பெயரைக் கணினியில் தேடும்போது அது கிடைக்க வேண்டும்.

எழுத்தைத் தாண்டி, தட்டச்சுப் பழக்கமும் ஒப்பீட்டைக் கெடுக்கிறது. முத்திரைத்தாளின் முதல் பக்கத்தில் கிடைக்கும் குறுகிய இடத்திற்குள் உரையை அடக்குவதற்காக, ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் விசையைத் தட்டி வைத்திருப்பார்கள். கணினிக்கு அந்த வரிகள் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பத்தி. நடுவில் மூன்று சொற்கள் சேர்ந்தாலும் அதற்குக் கீழே உள்ள வரிகள் அனைத்தும் நகர்ந்துவிடும். பத்திக்குப் பத்தி பொருத்திப் பார்க்கும் மென்பொருள் ஒரு பக்கத்தையே மாறியதாகக் காட்டும். சோதனைக்கு எடுக்கும் கோப்புகளில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வரி முறிவுகளைத் தாண்டிச் சொல் ஓட்டத்தைப் பொருத்தத் தெரிந்த மென்பொருளும் தெரியாத மென்பொருளும் இங்கே உடனே வேறுபட்டுத் தெரியும்.

பிடிஎஃப்பும் ஸ்கேனும்

வேர்டிலிருந்து நேராகச் சேமித்த ஆங்கிலப் பிடிஎஃப் என்றால் அடோபி அக்ரோபாட் ப்ரோவின் கோப்பு ஒப்பீட்டு வசதி நன்றாகவே உதவும். இலவசமாகக் கிடைக்கும் ரீடரில் இந்த வசதி இல்லை. தமிழ்ப் பிடிஎஃப்பில் நிலைமை வேறு. பிடிஎஃப்புக்குள் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உருவங்களாகவே சேமிக்கப்படுவதால், அதிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும்போது கொம்பு தனியாகவும் மெய் தனியாகவும் இடம் மாறி, சில எழுத்துகள் விடுபட்டும்கூட வரும். உங்கள் தமிழ்ப் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சிதைந்த உரை வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் அந்தக் கோப்பின் உரையை நம்பகமாக ஒப்பிட முடியாது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: எதிர்த்தரப்பிடம் வேர்டு கோப்பைக் கேட்பது. இதைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்த தாள்களுக்கு முதலில் படத்தில் உள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் எழுத்துணரி தேவை. டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரிக்குத் தமிழும் தெரியும். ஆனால் மங்கிய நகலில், சாய்ந்த தாளில், முத்திரை விழுந்த இடத்தில் துணைக்கால் ‘ர’ ஆகலாம், 3 என்பது 8 ஆகலாம். எழுத்துணரியின் பிழையும் எதிர்த்தரப்பின் மாற்றமும் அறிக்கையில் ஒரே நிறத்தில்தான் நிற்கும். ஆகவே கையெழுத்தான ஸ்கேன் நகலை ஒப்பிடும்போது, எண், தொகை, தேதி, சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றை இருவர் அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் பார்க்கும் பழைய முறையிலேயே சரிபார்க்க வேண்டும். நீதிமன்ற நகல் பிரிவுகளில் நகல் எடுப்பவரும் ஒப்பிடுபவரும் தனித்தனியே கையொப்பமிடும் வழக்கம் இதே எச்சரிக்கையில் பிறந்தது. மென்பொருள் வந்துவிட்டது என்பதால் அது தேவையற்றதாகிவிடவில்லை.

தாளில் பேனாவால் செய்த திருத்தங்களுக்கும் இதே கவனம் வேண்டும். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வரிகளுக்கிடையே எழுதியதோ அழித்ததோ மாற்றியதோ இருந்தால், ஆவணத்தை எழுதிக்கொடுத்தவர்கள் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டுச் சான்றளிக்காதவரை பதிவு அலுவலர் அதை ஏற்க மறுக்கலாம். இத்தகைய கைத்திருத்தங்களைப் பெரும்பாலான ஒப்பீட்டு மென்பொருள்கள் கறையாகவே கருதும்.

உங்கள் கோப்பில் நீங்களே நட்டுவைக்கும் மாற்றங்கள்

இனி, தேர்வின் மையமான சோதனை. அலுவலகத்தில் ஏற்கெனவே முடிந்துபோன மூன்று ஆவணங்களை எடுத்து, கட்சிக்காரர்களின் பெயர், முகவரி, ஆதார் மற்றும் பான் எண்கள் அனைத்தையும் நீக்கிவிட்டுப் பொய்ப் பெயர்களை இடுங்கள். ஒன்று இருபது பக்கம் போன்ற நீளமான ஆங்கிலக் குத்தகை ஒப்பந்தமாக இருக்கட்டும், ஒன்று யூனிகோடில் உள்ள தமிழ்க் கிரையப் பத்திரமாக இருக்கட்டும், ஒன்று பழைய எழுத்துருவில் வரிக்கு வரி என்டர் தட்டியதாக இருக்கட்டும். ஒரு ஜூனியரிடம் இவற்றைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு மாற்றங்களைச் செய்து, அவற்றின் பட்டியலைத் தனியே வைத்திருக்கச் சொல்லுங்கள். மென்பொருளை இயக்குபவருக்கு அந்தப் பட்டியல் தெரியக் கூடாது.

மாற்றங்கள் நம் தொழிலில் உண்மையாகவே வலிக்கும் இடங்களில் இருக்க வேண்டும். ஆங்கில வரைவில் ஓர் இடத்தில் ‘ஷல்’ (செய்தே ஆக வேண்டும்) என்பதை ‘மே’ (செய்யலாம்) ஆக்கலாம். ‘நாட்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நீக்கலாம். தமிழில் ‘உட்பட’ என்பதை ‘தவிர’ ஆக்கலாம், ‘மற்றும்’ என்பதை ‘அல்லது’ ஆக்கலாம். ரூ.15,00,000 என்பதை ரூ.1,50,000 ஆக்கி, எழுத்தில் எழுதிய தொகையை அப்படியே விட்டுவிடலாம். சொத்து விவரத்தில் கிழக்கு எல்லையையும் மேற்கு எல்லையையும் இடம் மாற்றலாம். இரண்டு வரிகளும் ஆவணத்தில் இருக்கின்றன என்பதால் சில மென்பொருள்கள் இதை வெறும் நகர்வு என்று மெல்லிய நிறத்தில் காட்டிவிடும், அது எவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுகிறது என்று பாருங்கள். வாடகை உயர்வு அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றுங்கள். அடிக்குறிப்பில் ஒன்றை, பக்கத்தின் அடிப்பகுதியில் ஒன்றை, உரைப்பெட்டியில் ஒன்றை மறைத்துவையுங்கள். ஒரு பத்தியை வேறு பிரிவுக்கு நகர்த்தி, நகர்த்திய பத்திக்குள்ளும் ஒரு சொல்லை மாற்றுங்கள். பல மென்பொருள்கள் இடறுவது இந்த இடத்தில்தான்.

சோதனை முடிந்ததும் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். உரையில் செய்த மாற்றம் ஒன்றைக்கூட ஓசையின்றி விட்டுவிட்ட மென்பொருளை அந்த வகைக் கோப்புக்கு நிராகரித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை குறைவு, பயன்படுத்த எளிது என்ற காரணங்களுக்காக இதில் சமரசம் செய்யக் கூடாது. எல்லாவற்றையும் பிடித்து, கூடவே தேவையற்றவற்றையும் காட்டியது என்றால், அந்தக் கூடுதல் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் நாற்பது போலி மாற்றங்கள் வந்தால், படிப்பவர் களைத்துப்போய் உண்மையான ஒன்றைத் தாண்டிவிடுவார், அதுவும் தவறவிட்டதற்குச் சமம். அதே கோப்புகளை மறுநாள் இன்னொருவர் இயக்கினாலும் அதே அறிக்கை வர வேண்டும்.

இந்தக் கடைசிக் காரணத்தால்தான், இரண்டு வரைவுகளையும் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கொடுத்து ‘என்ன வேறுபாடு?’ என்று கேட்பதை ஒப்பீடாக ஏற்க முடியாது. மாற்றங்களின் பொருளை விளக்குவதற்கு அது உதவலாம். ஆனால் அது ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் சற்றே வேறான விடை தரக்கூடும். எதை விட்டுவிட்டது என்று சொல்லவும் அதனால் முடியாது. சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் நிரலின் அறிக்கையே அடிப்படையாக இருக்க வேண்டும்.

கட்சிக்காரரின் இரகசியம்

இணையத்தில் இரண்டு கோப்புகளை ஏற்றினால் நொடியில் ஒப்பிட்டுத் தரும் இலவசத் தளங்கள் ஏராளம். கட்சிக்காரரின் வரைவை அவற்றில் ஏற்றக் கூடாது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொழில்முறைத் தகவல்களைப் பாதுகாக்கும் விதி இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தக் கடமையை மீறக் கூடாது என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகளும் தனியே சொல்கின்றன. தனிநபர் தரவுகளைப் பொறுத்தவரை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. கிரையப் பத்திரம் ஒன்றில் பெயர், வயது, தந்தை பெயர், முகவரி, அடையாள எண்கள், பணப் பரிமாற்ற விவரம் என எல்லாமே இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணினியிலேயே இயங்கும் மென்பொருளுக்கு முதலிடம் கொடுப்பது நல்லது. ‘எங்கள் மென்பொருள் உங்கள் கணினியிலேயே இயங்குகிறது’ என்று விற்பனையாளர் சொன்னால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நடந்தால் அவர் சொன்னது சரி. இணையவழிச் சேவையைத்தான் எடுக்க வேண்டும் என்றால், கோப்புகள் எந்த நாட்டுச் சேமிப்பகத்தில் எவ்வளவு காலம் இருக்கும், அழிக்கச் சொன்னால் எப்போது அழியும், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க அவை பயன்படுமா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும். வாய்மொழி உறுதியை எந்த வழக்கறிஞரும் தம் கட்சிக்காரருக்குப் போதும் என்று சொல்லமாட்டார்.

எதை வாங்கலாம், எப்போது

ஆங்கில வேர்டு கோப்புகளே அதிகம், மாதத்திற்குச் சில ஒப்பந்தங்கள்தான் என்றால் வேர்டே போதும். பிடிஎஃப்பும் வேர்டும் கலந்து வருகின்றன, வேர்டு கோப்பைப் பிடிஎஃப்போடு ஒப்பிட வேண்டியிருக்கிறது என்றால் தனி மென்பொருளுக்குக் காரணம் இருக்கிறது. பெரிய சட்ட நிறுவனங்களில் பரவலாகப் பயன்படும் லிட்டெரா கம்பேர், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் டிராஃப்டபிள் ஆகியவை இந்த வகையில் பெயர்பெற்றவை. லிட்டெரா நிறுவனம் 2019-இல் ஒர்க்‌ஷேர் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. மூத்த வழக்கறிஞர்கள் சிலர் இன்னும் பழைய பெயரையே சொல்லக் கேட்கலாம். இரண்டையும் சோதனைக் காலத்திற்கு வாங்கி, மேலே சொன்ன மூன்று கோப்புகளில் இயக்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் சிறந்து விளங்கும் ஒன்று உங்கள் தமிழ்ப் பத்திரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை உங்கள் கோப்பே சொல்லும்.

விலையைக் கேட்கும்போது, குறைந்தபட்சம் எத்தனை பேருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். நால்வர் உள்ள அலுவலகத்தில் ஒப்பீட்டை இயக்கப்போவது ஒருவரோ இருவரோதான். கட்டணம் டாலரிலா ரூபாயிலா, 18 விழுக்காடு ஜிஎஸ்டி அதில் அடக்கமா, ஆண்டு முடிவில் தானாகவே புதுப்பிக்கப்படுமா, கணினியை மாற்றினால் உரிமத்தை யார் மாற்றித் தருவார் என்பவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அலுவலகக் கணினியின் வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கும் ஆஃபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதிய ஒப்பீட்டு மென்பொருள் அங்கே நிறுவப்பட்டாலும் எவ்வளவு காலம் ஒத்துழைக்கும் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

வாங்கிய பிறகு

எந்தப் பிரதியோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில் ஒழுங்கு இல்லாவிட்டால் மிகச் சிறந்த மென்பொருளும் தவறான விடையைத்தான் தரும். நாம் அனுப்பிய ஒவ்வொரு வரைவையும், அனுப்பிய நிலையிலேயே, தேதியோடும் வரிசை எண்ணோடும் பெயரிட்டுத் தனிக் கோப்புறையில் திருத்தத் தடையுடன் வைத்திருக்க வேண்டும். திரும்பி வருவதை அந்தப் பிரதியோடுதான் ஒப்பிட வேண்டும். ஜூனியரின் மேசைக் கணினியில் இருக்கும், இடையில் நாமே ஏதோ திருத்திய பிரதியோடு ஒப்பிடக் கூடாது. திருத்தத் தடை உள்ள பிரதியை வேர்டு நேரடியாக ஒப்பிடாது என்பதால், ஒப்பிடும் நேரத்தில் அதன் நகலை எடுத்துத் தடையை நீக்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முந்தைய நாள் இன்னொரு ஒப்பீடு அவசியம். முத்திரைத்தாளில் அச்சிடப்போகும் இறுதிக் கோப்பை, இரு தரப்பும் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட கடைசி வரைவோடு ஒப்பிட்டு, அறிக்கையைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வழக்குக் கட்டில் சேர்த்துவிட வேண்டும். பக்க அமைப்புக்காகப் பத்திர எழுத்தர் கடைசி நேரத்தில் வரிகளைச் சுருக்கும்போது ஒரு சொல் விழுந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. அறிக்கையை எதிர்த்தரப்புக்கு அனுப்புவதாக இருந்தால், வேர்டின் ஆவணப் பரிசோதனை வசதியை இயக்கி, உள்ளே நம் சீனியரும் ஜூனியரும் எழுதிக்கொண்ட கருத்துக் குறிப்புகளை நீக்கிவிட்டே அனுப்புங்கள்.

சோதனைக்குப் பயன்படுத்திய மூன்று கோப்புகளையும் மாற்றப் பட்டியலையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும்போதும், கணினி மாறும்போதும், ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிப்பதற்கு முன்பும் அதே சோதனையை மறுபடி நடத்தலாம். புதிதாகச் சேரும் ஜூனியருக்கும் அவற்றைக் கொடுத்து, முதலில் மென்பொருள் இல்லாமல் கண்ணால் மட்டும் மாற்றங்களைத் தேடச் சொல்லுங்கள். எந்த இடங்களில் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது அவருக்கு அங்கே பழகிவிடும்.